கடலில் கால் வைக்காதவள்

ஒக்டோபர் 2, புதன்

விடியத் தொடக்கம் மழை. காலி வீதியில் வெள்ளம். மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.

செய்ய வேண்டியவை: மரணப் பதிவு. பாண்காரனுக்கு இனி அரை இறாத்தல் போதும் என்று சொல்ல. மீனாவின் கட்டிலுக்கு விரிப்பு. அக்காவின் குடை.

மகள் மீனாவுக்கு ஒருவழியாக நாளைக்கு விமானம். ஜப்பானில் சூறாவளி. ஞாயிறு தொடங்கி எல்லாம் ரத்து.

அவள் அம்மா யசுகோ போனது சனி. சந்தையால் வந்து பையை மேசையில் வைத்தாள். "தலை சுத்துது" என்றாள். கதிரையைப் பிடிக்கப் போனாள். அவ்வளவுதான். திங்கள் தகனம். மீனாவைக் கேட்டுத்தான் செய்தேன். "அம்மாவை அந்தப் பெட்டியிலை வைச்சிருக்க வேண்டாம் அப்பா. எரியுங்கோ" என்று போனில் அழுதாள். செவ்வாய் காடாத்து. ஐயர் சொன்னபடி எலும்பு பொறுக்கி, பால் விட்டு, மண்முட்டியில் போட்டு, எங்கள் ஒழுங்கை முடிவில் தண்டவாளம் தாண்டி வெள்ளவத்தைக் கடலில். முட்டி உடனே தாழவில்லை. கொஞ்சத் தூரம் என்னைப் பார்த்தபடி மிதந்தது.

சமையலறையில், பிரிட்ஜுக்கு மேலே, சுவரில் அவளுடைய சாமித்தட்டு. ஒரு முழ அளவு மரக்கோயில். உள்ளே அவளுடைய ஊர்க் கோயிலில் எழுதிக் கொடுத்த கடதாசி ஒன்று. முன்னால் தினமும் சோறு, உப்பு, தண்ணீர். இரண்டு பக்கமும் புன்னைக் கொத்து. ஜப்பானில் வைக்கும் மரம் இந்த வெக்கைக்கு வராது. இலை பச்சையாக மினுங்கினால் போதும், தெய்வம் கோபிக்காது என்பாள். இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டி, இன்னொரு தரம் குனிவாள். பிறகுதான் தேத்தண்ணி.

இப்போது அதன்மேல் வெள்ளைக் கடதாசி. சனிக்கிழமையே அவளின் தமக்கை செத்சுகோ ஜப்பானிலிருந்து போனில் முகம் காட்டிச் சொன்னார்: இறப்பு நடந்த வீட்டில் தெய்வத்தை மறைக்க வேண்டும். வீட்டார் கை படக்கூடாது, வெளி ஆள் ஒட்ட வேண்டும். என் அரைகுறை ஜப்பான் மொழியில் நான் தடுமாற, பக்கத்தில் நின்ற அக்கா உடனே விளங்கிக்கொண்டாள்.

"துடக்குத்தானே தம்பி. நாங்களும் சாமியறையைச் சாத்துறனாங்கள்தானே. இதிலை என்ன யோசனை?"

இவ்வளவு காலமும் அந்தத் தட்டை ஜப்பான் விளையாட்டு என்று சொன்ன அக்கா.

ஒட்டியது முன்வீட்டு ஃபரீதா ராத்தா. "கடதாசிதானே அண்ணன், நான் ஒட்டித் தாரேன்." கதிரையில் ஏறி, செலோடேப்பைப் பல்லால் கடித்து, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.


ஒக்டோபர் 4, வெள்ளி

வெயில். காகங்கள்.

மீனா நேற்றுப் பின்னேரம் வந்தாள். பெட்டியில் உடுப்பு குறைவு. வெள்ளைத் துணியால் சுற்றிய பீங்கான் சாடி ஒன்று. உடையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். எனக்கு ஏதோ சாமான் என்று நினைத்தேன். விசரன்.

குளித்து வந்து, படத்துக்கு முன் இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மான்ரை எலும்பு எங்கையப்பா?"

பல்கனிப் பக்கம் கையைக் காட்டினேன். இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் கடல் ஒரு துண்டு தெரியும்.

"எல்லாமோ?"

"ஓம்."

"ஒண்டும் எடுத்து வைக்கேல்லையோ?"

"எடுத்து வைக்கிற வழக்கமில்லையே பிள்ளை."

பிறகு சத்தம் போடாமல் சொன்னாள். "நான் எரிக்கத்தான் சொன்னனான். எறியச் சொல்லேல்லை."

அங்கே எரித்த பிறகு வீட்டார் இரண்டு இரண்டு பேராக நின்று, சாப்பிடும் குச்சிபோல நீளக் குச்சியால் ஒரே எலும்பை இருவரும் பிடித்துச் சாடியில் வைப்பார்கள். சாடி வீட்டில் இருக்கும். ஐம்பதாம் நாள் புதைகுழிக்குப் போகும். செத்சுகோ அந்த ஊரில் தகப்பனின் கல்லறையில் இடம் துப்புரவாக்கி வைத்திருக்கிறாராம். மீனாவின் கை என் கையோடு சேர்ந்து செய்ய வேண்டியதை நான் ஒற்றையாகச் செய்துவிட்டேன்.

பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலையும் பார்த்தாள். "ஆரப்பா யசோதா?"

அக்கா வைத்த பெயர். கலியாணமான புதிதில் யசுகோ என்று வாயில் வரவில்லை என்று யசோதா ஆக்கினாள். சொந்தக்காரருக்கு அப்படிச் சொன்னால்தான் தெரியும்.

"பேரும் இல்லை. எலும்பும் இல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.


ஒக்டோபர் 5, சனி

மீனா அறையை விட்டு வரவில்லை. ஃபரீதா ராத்தா இடியப்பமும் சொதியும் தந்தார். நான் மட்டும் சாப்பிட்டேன். பசித்தது. வெட்கமாக இருந்தது.

ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முன், யசுகோ ஜப்பான் மொழி படிப்பித்த காலம். நான் மாணவன், வயது போன மாணவன். ஒரு சாப்பாட்டுக் கடையில் என் குச்சியால் மீன் துண்டு எடுத்து அவள் குச்சிக்கு நீட்டினேன். பாசம் காட்டுகிறேனாம். அவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். குச்சிக்குக் குச்சி எலும்பை மட்டும்தான் கொடுப்பார்கள் என்று அன்றைக்கே சொல்லித் தந்தாள். சிரித்துவிட்டு மறந்தேன். செவ்வாய்க்கிழமை ஏன் இது ஞாபகம் வரவில்லை?

பிற்பகல் சோமா வந்தாள், எங்கள் கட்டிடம் கூட்டுபவள். "நோனாகே துவ ஆவத?" என்று, நோனாவின் மகள் வந்துவிட்டாளா என்று சிங்களத்தில் கேட்டு, ஓம் என்றதும் வாசலிலேயே நின்று அழுதாள். யசுகோ இங்கே வந்த முதல் மாதம் நாலாம் மாடியிலிருந்து கேற் வரைக்கும் தானே கூட்டத் தொடங்க, தன் வேலை போகப் போகிறது என்று காவலாளியிடம் முறையிட்டவள் இந்தச் சோமாதான். பிறகு இருவரும் சேர்ந்து கூட்டினார்கள். சோமா மேலிருந்து, யசுகோ கீழிருந்து. நடுவில் சந்தித்தால் சிரிப்பு.

"துப்புரவா இருக்கிற இடத்துக்குத்தான் அவை வருவினம்" என்பாள் யசுகோ. எவை என்று கேட்டால் மேலே, கீழே, படிக்கட்டை, புன்னை மரத்தை எல்லாம் சேர்த்துக் கையைச் சுழற்றுவாள். ஆனால் சமயம் என்ன என்று கேட்டால், "ஒண்டும் இல்லை." ஜப்பான் என்றால் புத்த சமயம்தானே என்று பௌர்ணமிப் போயா தினத்தில் அக்கம்பக்கத்தார் பூத்தட்டம் கொடுப்பார்கள். அதையும் வாங்கிக்கொண்டு விகாரைக்குப் போவாள். கொட்டாஞ்சேனை அம்மனுக்கும் போவாள், அந்தோனியாருக்கும் போவாள். வாசலில் எல்லா இடமும் ஒரே குனிவு.


ஒக்டோபர் 6, ஞாயிறு

அக்கா வந்தாள். புட்டு, கத்தரிக்காய்க் கறி. வந்ததும் வராததுமாக மீனாவின் அறைக் கதவைத் தட்டிவிட்டாள்.

"பிள்ளை, எலும்பை வீட்டுக்கை வைச்சிருந்தால் அந்த உயிர் எப்பிடிப் போகும்? கொப்பர் செய்தது சரி."

"மாமி, அம்மா போறதுக்கு இல்லை. இருக்கிறதுக்கு. எங்களோடை, காவலா, வீட்டிலை."

"செத்த சீவன் வீட்டிலையோ!"

"ஓம். எங்கடை அம்மம்மா, தாத்தா எல்லாரும் அப்பிடித்தான் இருக்கினம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அம்மாவைத் துலைச்சுப்போட்டியள்."

அக்காவுக்கு முகம் கறுத்துப்போனது. கோபம் என்று நினைத்தேன். இல்லை. புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றாள், வெள்ளைக் கடதாசிக்கு முன்.

சாப்பிடும்போது மீனா தானாகவே கதைத்தாள். அவளுடைய கம்பனி லிப்ட் செய்யும் கம்பனி. ஒருவருக்கும் சமயம் கியமயம் கிடையாது, கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கட்டிடம் தொடங்க முன்னம் நிலத்திடம் அனுமதி கேட்கப் பூசகர் வருவார். எஞ்சினியர்மார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வரிசையாகத் தலை குனிவார்கள். ஆபீஸ் மொட்டை மாடியில், ஏசிப் பெட்டிகளுக்கு நடுவில், சிவப்பு வாசல் வைத்த குட்டிக் கோயில் ஒன்றும் இருக்கிறதாம். வேலை கூடினால் அவள் அங்கே ஏறிப் போய் ஒரு நிமிடம் நிற்பாள்.

"நீங்கள் போன் எடுத்தவுடனை அங்கைதான் ஓடினனான். காத்து இழுத்து எறியுது. வாசலுக்குக் கிட்டப் போக ஞாபகம் வந்தது. உள்ளுக்கை போகேலாது. அம்மா செத்திட்டா. நான் இப்ப அந்த வாசலைத் தாண்டக்கூடாது."

"பிறகு?" என்றாள் அக்கா.

"வெளியிலை நிண்டன். மழையிலை. கும்பிடவும் இல்லை."

அக்கா எழும்பிப் போய் அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "ஐயோ என்ரை குஞ்சு. துடக்கெண்டால் ஆரும் தனிய நிக்கிறதில்லையடி. அதுக்குத்தானே நாங்கள் எல்லாரும் வந்து சேருறது."

மீனா இரண்டு பிடி புட்டு சாப்பிட்டாள்.


ஒக்டோபர் 8, செவ்வாய்

வானம் மப்பு. முழங்கால் நோ. மரணப் பதிவு இன்னும் முடியவில்லை, எழுத்தில் பிழை.

இன்றைக்குத்தான் எலும்பு இல்லை என்று மீனா செத்சுகோவுக்குச் சொன்னாள். அவ்வளவு நாளும் அவர் சாடி நிறைந்திருக்கிறது என்ற நினைப்பில். போனை மேசையில் நிமிர்த்தி வைத்தாள், நானும் பக்கத்தில்.

செத்சுகோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "யசுகோ கடலிலை இறங்கமாட்டாளே" என்றார். அழுகை.

உண்மை. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் முப்பது வருடத்துக்கு மேல். ஒரு நாளும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. கடற்கரை வீதியில் நடப்பாள், இலை பறிப்பாள், மீன் வாங்குவாள். மீனா சின்னப்பிள்ளையில் அலையில் விளையாட நான்தான் கூட்டிப் போவேன். அவள் ரோட்டில் செருப்போடு நின்று கையாட்டுவாள். தீவிலே பிறந்து தீவுக்கு வந்தவளுக்குக் கடல் பயமோ என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பாள். பயம் என்றே நினைத்திருந்தேன்.

தகப்பன் மீன்பிடிகாரர், கடலில் இறந்தவர் என்பது தெரியும். உடம்பு கிடைக்கவில்லை என்பது தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அந்தக் கல்லறையில் இருப்பது கடற்கரைக் கல் ஒன்றும், அவருடைய தொப்பியும் மட்டும்தானாம். படகு வராமல் போய், ஊர் தேடுவதை நிறுத்திய பிறகு, பூசகர் கரையில் நின்று கடலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மரக்கொப்பு ஒன்றைக் கையில் பிடித்து, உயிரை அதில் வரவழைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அவர்களின் ஊரில் இறப்புச் சடங்கையும் கோயில் பூசகரே செய்வார். ஜப்பானில் மற்ற இடங்களில் பெரும்பாலும் பிக்குமார்தானாம்.

"அதுக்குப் பிறகு யசுகோ கடலிலை கால் வைக்கமாட்டாள். பயமில்லை. சின்னப்பிள்ளை. அப்பா இருக்கிற இடத்தை எப்பிடி மிதிக்கிறது எண்டு அம்மாவைக் கேட்டவள்."

மீனா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழும்பிவிட்டேன். பல்கனிக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியாமலே அவளைத் தகப்பனிடம் அனுப்பினேனா? அப்படி நினைக்க ஆசை. நினைத்தால் நெஞ்சு லேசாகிறது. லேசாவதாலேயே நம்பப் பயமாக இருக்கிறது. அவள் மிதிக்கக்கூட விரும்பாத இடத்தில் அவளையே கொட்டினேன். இரண்டும் உண்மைதான். எதை வைத்துக்கொள்வது?


ஒக்டோபர் 10, வியாழன்

செத்சுகோ திரும்பப் போன் எடுத்தார். சாடியை வெறுமையாகக் கொண்டுவர வேண்டாம். தலைமுடி இருந்தால் போதும். முந்தி கப்பலில், தூர தேசத்தில் செத்தவர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம்.

தேடினோம். சீப்பு, தலையணை உறை, துவாய். ஒன்றும் இல்லை. செத்தவீட்டுக்கு அடுத்த நாளே அக்கா வீடு முழுக்கக் கழுவி, அவள் பாவித்ததெல்லாம் தோய்த்து, சீப்பையும் பிரஷையும் குப்பைக்குப் போட்டிருக்கிறாள். வழக்கப்படிதான். போனில் கேட்டதும் அக்கா வைத்துவிட்டாள்.

மீனா வீடு கூட்டுகிற தும்புத்தடியைப் பல்கனிக்குக் கொண்டுபோய் விரித்து விரித்துப் பார்த்தாள். நூல், தூசு, பூனை மயிர். நானும் குந்தியிருந்து பார்த்தேன். வந்த நாளுக்குப் பிறகு முதல் தரம் இருவரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தோம். அவள் என் கையை ஒரு தரம் தட்டிவிட்டாள், "அது அவவின்ரை இல்லையப்பா, நூல்." கோபம் இல்லாத குரல்.

ஒன்றும் கிடைக்கவில்லை.


ஒக்டோபர் 11, வெள்ளி

அடைமழை. பகல் சாப்பாட்டு நேரம் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து திரீவீலில் வந்து இறங்கினாள். குடை பிடித்தும் அரைவாசி நனைந்து. நெஞ்சோடு ஒரு பொலித்தீன் பை. லிப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறாள். கதிரையில் விழுந்து மூச்சு வாங்கினாள்.

பைக்குள் அக்காவின் பழைய மரச்சீப்பு. பல்லிடுக்கில் முடி, உருண்டையாக.

"எனக்குக் கண் ஒப்பரேசன் செய்யேக்கை யசோ என்னோடை வந்து நிண்டவள்தானே. தன்ரை சீப்பை மறந்திட்டு வந்து என்ரை சீப்பாலைதான் தலை இழுத்தவள். எனக்கும் அவள்தான் இழுத்து விட்டவள். அதுக்குப் பிறகு நான் இதை எடுக்கேல்லை. புதுச் சீப்பு வாங்கிட்டன்."

மீனா வெள்ளைக் கடதாசியில் முடியைப் பிரித்தாள். எல்லாம் நரை. எல்லாம் ஒரே நீளம். அக்கா தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உதவவில்லை.

"எது உங்கடை, எது அம்மான்ரை மாமி?"

"எனக்குத் தெரியேல்லையடி."

மீனா செத்சுகோவைப் போனில் எடுத்தாள். உயிரோடு இருப்பவரின் முடியும் கலந்திருக்கிறது, அசுத்தமோ, ஆகாதோ என்று கேட்டாள். செத்சுகோ அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்தாள். அங்கே மூக்கு மட்டும் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே வயது. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காது.

செத்சுகோ கேட்டது: அந்த அம்மாவுக்குச் சம்மதமா?

அக்கா சொன்னது: "போகட்டும் எண்டு சொல்லு. அங்கை குளிராம். அவள் தனியப் போகாமல் என்ரை நாலு மயிரும் துணைக்குப் போகட்டும். நான் இனி எத்தினை நாளைக்கு?"

மீனா மொழிபெயர்க்க, செத்சுகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு திரையில் அவர் தலை மறையும்வரைக்கும் குனிந்தார். அக்காவும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

அவ்வளவையும் சாடிக்குள் போட்டு மூடினோம். அக்கா ஒரு பக்கம் பிடிக்க மீனா துணியைக் கட்டினாள்.

"யசுகோ" என்றாள் அக்கா, மூடியைத் தடவி. முதல் தரம். "யசு... கோ. சரியோ பிள்ளை?"


ஒக்டோபர் 13, ஞாயிறு

மீனா போய்விட்டாள். வெளிக்கிட முன்னம் நாலாம் மாடியிலிருந்து கேற் வரைக்கும் கூட்டினாள். நான் தடுக்கவில்லை.

விமான நிலையத்தில் உள்ளே போகும்போது, "நான் இன்னும் கோவம்தான் அப்பா" என்றாள். தெரியும் என்றேன். என் சட்டைக் கொலரைச் சரிபண்ணிவிட்டுப் போனாள்.

வீடு. மின்விசிறிச் சத்தம்.


ஒக்டோபர் 28, திங்கள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர், தர்ப்பை, பிண்டம். யசோதா என்று ஐயர் தொடங்க, அக்கா இடைமறித்து, "யசுகோ எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றாள். ஐயருக்கு இரண்டு தரம் வழுகியது, மூன்றாந்தரம் வந்தது.

சனம் போன பிறகு அக்கா, "துடக்குக் கழிஞ்சுது, அந்தக் கடதாசியை எடன்" என்றாள். இல்லை அக்கா, அவளின் கணக்கில் இன்னும் நாள் இருக்கிறது என்றேன். எங்கள் கணக்கில் வீடு சுத்தம். அவளின் கணக்கில் இல்லை. ஒரே வீட்டில் இரண்டும். அக்கா யோசித்துவிட்டு, "சரி, கூட நாள் துக்கம் காக்கிறதாலை ஆருக்கு நட்டம்" என்றாள்.

மழைக்கோட்டைத் தோய்க்கப் போட வேண்டும். பாண் பூஞ்சணம்.


நவம்பர் 16, சனி

விடிய எழும்பி முகம் கழுவி, சேட் போட்டு, போனுக்கு முன் இருந்தேன். அங்கே ஏற்கெனவே பத்து மணி. அவளுடைய ஐம்பதாம் நாள். செத்சுகோவின் வீட்டு அறையில், கோயிலில் அல்ல. துக்கம் கழியும்வரைக்கும் கோயிலுக்குப் போவதில்லை.

மீனா போனைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பூசகர் நாற்பது வயது மதிக்கலாம். கிழமை நாட்களில் நகரசபையில் வேலையாம், சனி ஞாயிறுகளில் பல ஊர்க் கோயில்களையும் பார்க்கிறாராம். வெள்ளை உடுப்பு, கறுப்புத் தொப்பி, மூக்குக் கண்ணாடி. முதலில் மீனாவிடம் ஏதோ கேட்டுப் பென்சிலால் குறித்தார். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பிறகு மடித்த தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, நீளமாக இழுத்த ஒரு குரல். மிகப் பழைய மொழி. "எனக்கும் விளங்கேல்லையப்பா" என்று மீனா போனுக்கு அருகில் குசுகுசுத்தாள்.

எனக்கு ஒரு சொல் விளங்கியது.

"வெராவத்தே."

அவர் அதில் நிதானித்தார். பிழை விடக்கூடாது என்பதுபோல, திரும்பவும், இந்த முறை கடல் என்ற சொல்லோடு. வெராவத்தேக் கடல். அதன்பிறகு யசுகோ. அதன்பிறகு, ல வராத வாயால், என் பெயர், சிவபாரன்.

அங்கே எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். கீழே காலிக்குப் போகும் ரயில் கூவிக்கொண்டு போனது. மிச்சம் கேட்கவில்லை.